தாய்வழிக் கட்டம்

ஹாம்பர்க்கிலிருந்து கொச்சிக்குக் கப்பலில் வந்தான் ஹாரோ.
பெட்டிக்கு மேலே அம்புக்குறி, அடியில் வைக்கோல்,
நடுவில் கடல் ஒத்துக்கொள்ளாத ஓர் ஆண் அல்சேஷன்.
மேட்டுப்பாளையத்தில் ஜீப் மாறி
கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு வாந்தி எடுத்து
கோத்தகிரியில் இறங்கும்போது
காதுகள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தனவாம்.
எண்பத்தாறு, ஆடிச் சாரல்.
நான் பார்க்கவில்லை. பதிவேட்டில் இருக்கிறது,
பெள்ளிராஜ் சாரின் சாய்ந்த எழுத்தில்.

நான் சேர்ந்தது தொண்ணூறில், படிவம் எழுத.
குட்டிக்கு ஒரு தாள். இடமிருந்து வலம்
இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு கட்டம்.
மேல்பாதி தகப்பன், கீழ்பாதி தாய்.
ஹாரோ பக்கம் எழுதினால் விரல் வீங்கும்:
வாயில் நுழையாத ஊர்கள், பட்டங்கள்,
பாட்டன் இடுப்பெலும்புக்குக்கூட ஒரு சான்றிதழ்.

கீழ்பாதியில் கரிச்சி.
குன்னூர் தபால் ஆபீஸ் பின்புறம் கிடைத்தவள்.
நடுவர் ஒருவர் சுற்றிவந்து பார்த்து
இனம் சரிதான் என்று முத்திரை குத்திவிட்டுப் போனார்.
அவளுக்குப் பின்னால் பதினான்கு கட்டங்கள்:
தெரியவில்லை, தெரியவில்லை,
தெரியவில்லை.

வெலிங்டன் மேஜர், எஸ்டேட் மானேஜர், பல் டாக்டர்,
எல்லாரும் பெட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.
ஐந்தாறு வருஷத்தில் மலை முழுக்க ஒரே முதுகு.
தோள் உயர்ந்து பின்பக்கம் சரிந்து
தேயிலைச் சரிவைப் பார்த்தே வளர்ந்த மாதிரி.
ஊட்டிக் கண்காட்சியில் வளையத்துக்குள் ஏழு நாய்,
ஏழுக்கும் ஒரு நெற்றி.
சார் கை தட்டினார்.
எனக்குத் தாள்கள் ஞாபகம் வந்தன.
அப்பன் வழியில் ஹாரோ, அம்மா வழியில் ஹாரோ.
ஒரே பெயரை மூன்றாம் தடவை எழுதும்போது
பேனாவுக்கே ஒரு தயக்கம் வருகிறது.

பிறகு எக்ஸ்ரே.
ஜன்னலில் வைத்துப் பார்த்தோம்; மூடுபனி, வெளிச்சம் போதவில்லை.
போதாத வெளிச்சத்திலும் தெரிந்தது,
கிண்ணம் ஆழமில்லாமல் பந்து நழுவியிருப்பது.
இரண்டு வயசுச் சாம்பியன், மூன்று படி ஏறமாட்டான்.
சார் ஜெர்மனிக்குக் கடிதம் போட்டார்.
பதில் வந்தது:
வேறொரு நாயின் விலை.

சந்தையில் எங்களைச் சிலோன்காரங்க என்பார்கள்.
எங்களிடமும் தாள் உண்டு.
கப்பல், தேதி, மண்டபம் முகாம் எண்,
அப்பா, அப்பாவின் அப்பா, தோட்டத்தின் பெயர்.
அம்மா பக்கத்துக்கு அதில் கட்டமே கிடையாது.
ஹாரோவை இம்போர்ட்டட் என்று சொல்லும்போது
குரலைத் தாழ்த்தியவர்கள்
எங்களைச் சொல்லும்போது தாழ்த்தவில்லை.

தொண்ணூற்றொன்பது தை. புல்லெல்லாம் உறைபனி.
ராத்திரி தேயிலைக்குள்ளிருந்து சிறுத்தை வந்தது.
ஹாரோவின் பேரன்கள் வேலியில் கால் வைத்துக் குரைத்தார்கள்,
புத்தகத்தில் போட்டிருந்த அதே துணிச்சலோடு.
விடிந்ததும் இரண்டு சங்கிலி, இரண்டு கழுத்துப்பட்டை.
கரிச்சியின் மகள் வயிற்றுப் பேத்தி ஒருத்தி மட்டும்
விறகு அடுக்குக்குப் பின்னால்
நான்கு குட்டிகளின் மேல் படுத்து
வாயை மூடிக்கொண்டிருந்தாள்.
வாயை மூடுவதற்குக் கண்காட்சியில் மதிப்பெண் இல்லை.

அந்த நான்கு குட்டிக்கும் நான்தான் எழுதினேன்.
கீழ்பாதியின் ஓரத்துக்கு வந்தபோது சார் சொன்னார்:
"கோடு போட்டு விட்டுரு, பூங்காவனம்."
கோடு போடவில்லை.
ஹாரோவுக்கு எழுதிய அதே கறுப்பு மையில்
ஒவ்வொரு கட்டத்திலும் தெரியவில்லை என்று
முழுசாக, புள்ளி வைத்து எழுதினேன்.

வாங்க வந்த கோயமுத்தூர்க்காரர்
கண்ணாடி போட்டு அதைப் படித்துவிட்டு
ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டார்.
குட்டி அதற்குள்
அவர் செருப்பில் பாதியைத் தின்றிருந்தது.