பதினோராம் வளைவு

எட்டு மணிக்கு என் சட்டைப்பையில் அலாரம் அடிக்கும்.
பஸ் அப்போது ஏதாவதொரு கொண்டை ஊசியில்
முனகித் திரும்பிக்கொண்டிருக்கும்.
வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு
நாகலூருக்குப் போன் போடுவேன்.
"போட்டுட்டேன் மாமா" என்பாள் அனுசுயா.
"ஒண்டிக்கடை ரெண்டு" என்று நோட்டை நீட்டுவார் ஒருவர்.
பதிமூன்றில் டவர் கிடைக்காது.
அலாரம் அங்கே அடித்த நாட்களில்
பதினாலு வரும்வரை சில்லறை தப்பித் தப்பிக் கொடுப்பேன்.

சரளா போன வருஷம்
இவள் கழுத்து என் மணிக்கட்டு அளவு.
பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து
சி.டி.நாலு அறுபத்தொன்று என்றார்கள்.
எங்கள் வண்டிக்கு ஐம்பத்தைந்து சீட்,
நிற்பவர்கள் ஆறு பேர்.
ஒரு பிள்ளையைக் காக்க
ஒரு டிரிப் கூட்டம்தானா?
அது ஒரு சொட்டுக்குள் சின்னச் சொட்டில் எண்ணியது,
உடம்பு முழுக்க அல்ல என்று நர்ஸ் திருத்தினார்.
எனக்கென்னவோ அன்று
காலி பஸ்தான் கண்ணில் நின்றது.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம்
காய்ச்சல். பாய் சுடுகிற காய்ச்சல்.
கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி,
அதுவரை இல்லாதது.
மருந்துதான் கொல்கிறது என்று
பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே ஓங்கினேன்,
காபிச் செடிகளுக்குள் எறிய.
கைக்குள் கிலுகிலுவென்றது,
அவளுக்கு நான் முதன்முதலில்
சேர்வராயன் திருவிழாவில் வாங்கிய கிலுகிலுப்பை போல.
வைத்துவிட்டேன். வேறு காரணம் இல்லை.

டாக்டர் ஜெசிந்தா கட்டியை விரலால் அளந்தார்.
"டி.பி. எப்பவோ உள்ளே வந்து உட்கார்ந்திருக்கு.
தட்டிக்கேட்க ஆளில்லை, அதனால சத்தமில்லை.
இப்ப ஆள் வந்துட்டாங்க.
சண்டை நடக்குது, அதான் காய்ச்சல்.
டி.பி.க்கும் மருந்து தர்றேன். இதை நிறுத்திடாதீங்க."

எனக்குத் தெரியும் அவனை.
கடைசி சீட்டில் தூங்குகிற மாதிரி இருப்பான்,
டிக்கெட் எடுத்திருக்க மாட்டான்.
கண்டக்டர் இல்லாத வண்டியில்
தகராறே வராது.

இருநூற்று நாற்பது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
நடுவில் ஒரு முறை இறங்கி நானூற்று எழுபது,
அன்று இரவு நான் சாப்பிடவில்லை.
அப்புறம் எண்ணூற்று ஆறு.
பிள்ளைகளுக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால்
ஒரு சுரப்பி சுறுசுறுப்பாக இருக்குமாம்,
ஆளை அங்கேதான் பழக்கி அனுப்புமாம்.
"உங்களுக்கெல்லாம் அது சுருங்கியிருக்கும்" என்று சிரித்தார்.
தோல் பை வார் உரசுகிற இடத்தைத்
தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மாசக் கடைசியில் மிச்ச மாத்திரையை
அவளே தட்டில் கொட்டி எண்ணுகிறாள்.
நான் இன்வாய்ஸ் முடிப்பதைப் பார்த்துப் பழகியவள்.
நாலு மிச்சம், கணக்கு நேர், கையெழுத்துப் போடு என்கிறாள்.

போன ஆடி மழையில்
வகுப்பு முழுக்கச் சளி.
இவளுக்கும் மூக்கு ஒழுகியது.
மூன்றாம் நாள் தானாக நின்றது.
அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதானைச் சொல்லிக்காட்ட
டெப்போவில் எனக்கு ஒரு ஆளில்லை.
டிரைவர் தங்கராசுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.
எதுக்குப்பா என்றார். சும்மா என்றேன்.

பத்து வயசாகிறது. எழுத்துக் கூட்டாமல் படிக்கிறாள்.
சென்ற மாதம் அந்த அறைக்கு வெளியே
பலகையை அண்ணாந்து படிக்கத் தொடங்கினாள்.
அங்கே பார் அணில் என்றேன்.
அணில் இல்லை. அவளுக்கும் தெரியும்.
ரத்தம் ஊற மாத்திரை என்ற என் பொய்யும்
இந்நேரம் தெரிந்திருக்கும்.

நீங்கள் சொல்கிறீர்களா, நாங்கள் சொல்லட்டுமா
என்று கேட்டிருக்கிறார் கவுன்சிலர்.
அடுத்த திங்கள் எனக்கு வார ஓய்வு.
பயணியாக உட்கார்ந்து அவளோடு இறங்குவேன்.
இருபதில் தொடங்கினால் சீக்கிரம்,
அவள் அப்போது வளைவுப் பலகைகளைப் பார்ப்பாள்.
ஐந்தில் தொடங்கினால் பாதியில் அடிவாரம் வந்துவிடும்.
பதினொன்று சரியாக இருக்கும்.
ஜன்னல் பக்கம் அவளுக்கு.