எட்டு நீர்

கைதடியில் துரவு தூர்வாரியவர்கள்
எலும்பைக் கண்டு பெக்கோவை நிறுத்தினார்கள்.
முதலில் பொலிஸ் வந்தது.
பிறகு மஞ்சள் நாடா.
வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களில்
மூன்று பெண்கள் கையில் படம் வைத்திருந்தார்கள்.
செய்தி அவர்களுக்கு எப்படி அவ்வளவு கெதியாய்ப் போனதோ.

வைத்தியர் குனிந்தார், கழுவினார், நிமிர்ந்து
"மாடு" என்றார்.
படங்களைத் திரும்பவும் சொப்பிங் பைக்குள் சுற்றி
அவர்கள் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.
ஆறுதலா மற்றதா என்று
முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நாடாவைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் போனபின்
என்னைக் கூப்பிட்டார்கள்.
நான் மண் பரிசோதிக்கிறவள்.
கழுத்தெலும்பில் கண்ணாடிச் செதிலாய் ஏதோ படர்ந்திருந்தது.
உப்பாக்கும் என்று யேசுரட்ணம் நாக்கை நீட்டினான்,
கையைத் தட்டிவிட்டேன்.

பகல் பதினொரு மணி, நல்ல வெயில்.
தேத்தண்ணி குடித்து முடிக்க முதலே
நிறமில்லாதது வெளிறிய நீலமாயிற்று.
பின்னேரம் பார்த்தால்
பேனை மை.

விவியனைற் என்று பெயர்.
பொசுபேற்றை எலும்பு கொடுக்கும்,
இரும்பு வேறெங்கிருந்தோ வரவேண்டும்.
காற்றுப் புகாத சேறு வேண்டும்.
அவசரமில்லாத வருசங்கள் வேண்டும்.
கீற நகமே போதும், அவ்வளவு மென்மை.
ஏடு ஏடாய்ப் பிரியும்.
ஒவ்வொரு மூலக்கூறும் எட்டு நீரைச் சுமக்கும்.
இருட்டில் கிடக்குமட்டும் நிறமே இல்லை;
வெளிச்சம் பட்டதும் உள்ளிருக்கும் இரும்பு மாறத் தொடங்கும்,
பிறகு நீலம்தான்.
திரும்பி வெளுக்காது.

சுண்ணக்கல்லும் செம்பாடுமாய்க் கிடக்கிற ஊரில்
இதை நான் கண்டதில்லை.
சந்தோசப்பட்டேன், அதையும் சொல்லவேண்டும்.

சரி, இரும்பு எங்கே?
இன்னும் ஒரு முழம் தோண்டச் சொன்னேன்.
சங்கிலி வந்தது.
சங்கிலியின் மறுமுனையில் முளை.
முளையில் மூன்று சுற்று,
கொளுக்கி மாட்டியபடி.

காணிக்காரர் ஆழ்வாப்பிள்ளை
பூவரச நிழலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார்.
"தொண்ணூற்றைஞ்சு ஐப்பசி. மழை.
ஒரே ராவில எழும்பின சனம்.
நான் அவிட்டு விட்டிட்டுத்தான் போனனான் பிள்ளை.
இது வேற ஆற்றையோ மாடு."
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவராகவே சொன்னார்,
இரண்டு தரம்.
மூன்றாந்தரம் அதன் பெயரும் வாயில் வந்துவிட்டது:
புள்ளிச்சி.

அறிக்கையில் ஆழம் எழுதினேன், ஈரம் எழுதினேன்.
இரும்பின் மூலம் என்ற இடத்தில்
பேனை கனநேரம் நின்றது.
"அருகில் கிடந்த பழைய இரும்பு."
பொய்யில்லை.

துண்டைக் கறுப்புத் தாளில் சுற்றி
லாச்சிக்குள் வைத்தேன், இனியும் கறுக்காமல் இருக்க.
அப்படித்தான் வைக்கவேண்டும்.

ஒரு கிழமை கழித்து ஃபோன் எடுத்தார்.
"அது இப்ப என்ன நிறம், பிள்ளை?"

திறந்தால்தான் தெரியும் ஐயா,
திறந்தால் இன்னும் கூடும் என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
துரவில் தண்ணீர் இறைக்கிற மோட்டர் மட்டும்
ஓடிக்கொண்டிருந்தது.