புள்ளிக்கோடு

புளியந்தீவில், வாவிக்கு முதுகு காட்டி
ஐந்து கதவுகள். ஒரே ஓட்டுக்கூரை.
மூன்றாம் கதவுக்காரர் விற்கிறார்.
பிரித்துக் கீறித் தரச் சொல்லி
நொத்தாரிசு என்னை அனுப்பினார்.

நாடாவின் மறுமுனையைப் பிடிக்க
ஒன்றாம் கதவின் உதுமாலெப்பை வந்தார்,
மணிக்கூடு திருத்தும் கண்ணாடி
நெற்றியில் ஏறியிருக்க.
முன்னறை பத்தடி நாலங்குலம்.
பிறகு இருட்டறை. பிறகு முற்றம் என்ற பெயரில்
ஒரு பாய் விரிக்கும் அளவு வானம்.
பிறகு குசினி, கிணற்றில் பாதி.
மற்றப் பாதி பக்கத்து வீட்டுக்கு.
கிணற்றின் நடுவால் போகிறது சுவர்:
இரண்டு கப்பி, ஒரு தண்ணீர்.

சுவர் பதினெட்டு அங்குலம்.
முருகைக்கல், சுண்ணாம்பு,
விரலால் கிள்ளினால் சிப்பித் துண்டு.
யாருடைய சுவர் என்று கேட்டேன்.
"ஆணி அடிக்கிற பக்கம் நம்முட" என்றார்.

ஐந்து செவ்வகம் கீறி முடித்தேன்.
மறுகா, ஏணி கேட்டு மேலே ஏறினேன்.

சுவர்கள் மேலே வரவில்லை.
நாலும் வளை மட்டத்தோடு நின்றுவிட்டன.
அதற்கு மேல் ஒரே நீள இருட்டு,
இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை.
நாலாம் வீட்டு அடுப்பின் கரி
ஒன்றாம் வீட்டு ஓட்டில் படிந்திருக்கிறது.
ஐந்தாம் வீட்டு டியூஷனில்
ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறார்கள்;
என் முழங்காலடியில் கேட்கிறது.
தரைப்படத்தில் ஐந்து வீடு.
நெடுக்குவெட்டில் ஒன்று.

சுவர்த் தலையிலிருந்து சுவர்த் தலைக்குப்
பலகை போட்டிருக்கிறது.
பாலை மரம், பதினாலங்குல அகலம்,
நடுவில் மழமழவென்று தேய்ந்து,
ஓரிடத்தில் மெழுகு சொட்டி.
பால்மாப் பேணி ஒன்று, உள்ளே மணல்.

இறங்கி வந்து
நாலாம் கதவின் பிலோமினா ரொசைரோவைக் கேட்டேன்.
மீனிலிருந்து தலை நிமிராமல்
"அது பூனைக்குப் போட்டது" என்றா.
உதுமாலெப்பை கண்ணாடியை இறக்கிவிட்டு
கையிலில்லாத ஒரு சில்லைப் பார்க்கத் தொடங்கினார்.
எந்த ஆண்டுப் பூனை என்று
நான் கேட்கவில்லை.

வாங்குபவர் மூன்று மாடி எழுப்புவார்.
நடுவில் பத்தடிச் சொச்சம் முகடு அறுபடும்.
அறுத்த வாய்க்கு இருபுறமும்
தகரம் அடித்துக்கொள்வார்கள்.

தலைக்கு மேலிருப்பதைப்
புள்ளிக்கோட்டால் காட்டுவது வழக்கம்.
காட்டினேன்.
நொத்தாரிசு படத்தைக் கிறுக்கிக் கிறுக்கிப் பார்த்தார்.
"இதென்ன, நாலு சுவரையும் வெட்டிக்கொண்டு?
பாதை உரிமையா? உறுதியில் இல்லையே."
"பூனை, ஐயா."
அழிக்கச் சொன்னார்.

பிரதியில் அழித்தேன்.