பதினேழு கோட்டுகள்

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல் என்று
சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான் பவுதிலியோ.
இன்று செவ்வாய்.

வால்பராய்சோவில் மழை
குன்றிலிருந்து இறங்கி நேராகத் துறைமுகத்துக்குப் போகும்.
வழியில் ஓரிடத்தில் மட்டும் நின்று
மூச்சு வாங்கும்.
அது 'லா போயா'வின் பின்சுவர்.
போயா என்றால் மிதவை.
பெயர் வைத்தவன் நீச்சல் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

பகல் பதினொரு மணிக்கு அதை நான் பார்த்ததே இல்லை.
குழல்விளக்கைப் போட்டதும்
தரை தன் வயதைச் சொல்லிவிட்டது.
நீல வெளிச்சத்தில் வெல்வெட்டாகத் தெரிந்த சுவர்
வெறும் பெயிண்ட், அதுவும் பாதி.
கண்ணாடி உருண்டையில் நாற்பது சில்லுகள் இல்லை.
(எண்ணினேன். எண்ணுவதுதான் என் தொழில்,
துறைமுகத்தில், கன்டெய்னர்களை.)

கணக்குப் புத்தகம் கசங்கவே இல்லை,
அதுதான் பயமாக இருந்தது.
போன சனிக்கிழமை ஐம்பத்தொரு பேர்.
அதில் பதினான்கு பேர் டிஜேயின் சிநேகிதர்கள்,
காசு கொடுக்காதவர்கள், ஆனால் நன்றாக ஆடுபவர்கள்.
ஐஸ்காரர் எலியேசருக்கு நான்கு மாதப் பாக்கி.
ஐஸ் கரைந்துவிட்டது.
மேல்வீட்டு ஓயார்சூன் அம்மாளின் புகார்க் கடிதங்கள் ஒன்பது.
ஒன்பதாவதின் அடியில் மட்டும் பென்சிலில்,
'இரண்டாவது பாட்டு பரவாயில்லை.'

தங்கை போனில் கத்துகிறாள்.
மாதம் பிறந்தால் சம்பளம், காப்பீடு,
பல் வைத்தியம்கூட அதில் அடக்கம்,
வேலியில் போகிற ஓணானை எதற்கு மடியில் விடுகிறாய்?
ஓணான் தானாகத்தான் வந்தது என்றேன்.
மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தது யார் என்றாள்.

எடுத்தால்
புதன்கிழமை மூட வேண்டும்.
பீர் குழாயை மாற்ற வேண்டும், கூரையை மாற்ற வேண்டும்,
டிஜேயிடம் பேச வேண்டும்.
வாசலில் நிற்கும் நிக்கானோருக்கு முட்டி தேய்ந்துவிட்டது,
குடிகாரன் சாய்ந்தால் அவனும் சேர்ந்து சாய்கிறான்.
முதல் நாள் முதல் வேலை அவனை அனுப்புவது
என்று கணக்கு சொல்கிறது.
என் பத்தொன்பதாவது வயதில்
எவனோ பின்னாலேயே வந்த ஓர் இரவில்
இருநூற்றுப் பன்னிரண்டு படிகளும்
என் கூடவே ஏறி வந்தது யார் என்று
கணக்கு சொல்லவில்லை.

அப்போது கோட்டு அறை என்னுடையது.
இப்போதும் அங்கே
யாரும் கேட்டு வராத பதினேழு கோட்டுகள் தொங்குகின்றன.
டோக்கனைத் தொலைத்தவர்கள்.
போதையில் மறந்தவர்கள்.
வேறொருவர் கோட்டுக்குள் நுழைந்து
அப்படியே வீடு போனவர்கள்.
உள்ளே அப்படியொரு குளிர், ஹீட்டர் செத்துப்போய்,
நின்றபடியே எண்ணி முடித்தேன்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன், வேண்டாம் என்று சொல்ல.
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றும் மரியாதையாகவே இருந்தன.
ஒன்றில் நன்றியும் வந்தது.

வீட்டு வாசலில்
சாவிக்காகப் பைக்குள் கைவிட்டால்
ஒரு தீப்பெட்டி,
ஒற்றைக் காதணி,
இரண்டும் என்னுடையவை அல்ல.
பழுப்பு நிறம். தோள் கொஞ்சம் பெரிது.
காலரில் ஊசி குத்திய டோக்கன், அறுபத்து மூன்று.
எப்போது மாட்டிக்கொண்டேன் இதை?

திருப்பிக் கொண்டுபோய்த் தொங்கவிட வேண்டும்.
வெள்ளிக்கிழமையாவது.

அதுவரை
அங்கே பதினாறு.