நாளை மின்தடை

காலை ஒன்பதுக்கு லைனை நிறுத்துவார்கள்.
இரண்டு மணிக்குக் கரண்ட் வந்துவிடும்,
கிளை விழுந்தாலும் விழாவிட்டாலும்.

சைக்கிள் டியூபைப் பிளந்து, இரண்டாய் மடித்து
பலகையில் ஆணியடித்தேன்.
அதன்மேல் வாட்டர் பேப்பர், நூற்றிருபது நம்பர்,
காங்கயம் கடைவீதியில் தாள் பதினெட்டு ரூபாய்.
வெட்டுக்கத்தியின் விளிம்பு நெடுக
மகளின் கறுப்பு ஸ்கெட்சால் ஒரு கோடு.
மை போன இடம் தேய்ந்த இடம்.
போகாத இடம் நான் ஏமாற்றிய இடம்.

போன மாதம் இப்படி இல்லை.
கல்லில் வைத்துத் தட்டையாய், மெலிசாய்த் தீட்டி
முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டினேன்.
"பிளேடாட்ட இருக்குதுங்க மாப்ள" என்றான் பொங்கியண்ணன்.
நானும் சிரித்தேன்.

கொறங்காட்டு வெள்வேலில்,
கம்பிக்கு ஒரு முழம் கீழே,
கணுவில் இறங்கிய மூன்றாம் வெட்டில்
நகக்கண் அளவு இரும்பு தெறித்து
கொழுக்கட்டைப் புல்லுக்குள் போனது.
நாலு ஆடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு
மறுபடி மேய்ந்தன.
பாதி வெட்டிய கிளையை விட்டு இறங்கினோம்.
ராத்திரிக் காற்றில் அது கம்பிமேல் சாய
ஏழு ஊர் இருட்டு.
ஒருவரும் என் பேர் சொல்லித் திட்டவில்லை.
அவர்களுக்கு என் பேர் தெரியாது.

அதனால் இன்றைக்கு
கத்திக்கு வயிறு வைக்கிறேன்.
பின்னோக்கி மட்டும் இழுக்கணும்,
முன்னால் தள்ளினால் தாள் கிழியும்.
ரப்பர் கொஞ்சம் அமுங்கும்.
அமுங்கிய குழிக்குள்
இரும்பு தன் தோளை உருட்டிக்கொள்ளும்.
இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது.
நானூறாம் நம்பர். எண்ணூறு.
கடைசியில் பழைய பெல்ட்டின் உள்பக்கம்.

குண்டுபல்பின் கீழே திருப்பிப் பார்த்தால்
எங்கும் முகடில்லை.
இரண்டு பக்கமும் திரண்டு வந்து
நுனியில் கூடுகின்றன, வெள்ளரி விதை போல.

தமயந்தி ஒரு தக்காளியை வைத்துப் பார்த்தாள்.
நசுங்கியது.
"இதுக்குத்தானா ரெண்டு மணி நேரம்?"
தக்காளியை ரசத்துக்கு எடுத்துப் போனாள்.
முன்கையில் வைத்தேன்:
மயிர் பாதி போனது, பாதி நின்றது.
போதும்.

வேலிக் கிளுவையில், கணு பார்த்து, ஒரே வெட்டு.
சில்லு பறந்து என் காதோரம் போயிற்று.
பச்சைப் பிசின் வாசம்.
விரலை வைத்து விளிம்பைத் தடவினேன்,
மடங்கவில்லை.
போன மாதம் பல் போன இடம் மட்டும்
லேசாய் உள்வாங்கிக் கிடக்கிறது.
அதை முழுசும் தேய்த்தெடுக்க
இன்னொரு சாயங்காலம் வேணும்.

எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றினேன்.
அந்த இடம் நாளைக்கு வெட்டாது.
அதற்கு இரண்டு பக்கமும் வெட்டும்.