ஏழெட்டு ஐம்பத்து நான்கு

பெர்மண்ட்சியில், ஏல நிறுவனத்தின் கிடங்கில்,
ஜன்னல் இல்லாத அறை என்னுடையது.
படங்களின் முதுகை மட்டும் எடுப்பவன் நான்.
முகத்துக்கு வேறு ஆள் இருக்கிறார்,
நல்ல விளக்கு, நல்ல சம்பளம்.

முதுகில்தான் விஷயம் இருக்கும்:
துருவேறிய ஆணி, மங்கிய சுங்க முத்திரை,
பாதி கிழிந்த கடைச் சீட்டு,
எவரோ கோப்பை வைத்த வட்டம்.
விற்றவர் பொய் சொல்லுவார், வாங்கியவர் மறந்துபோவார்;
சட்டக்கட்டைக்கு இரண்டும் தெரியாது.

அந்தச் செவ்வாய் வந்தது சின்னப் படம்.
மூன்று ப்ளம் பழம், ஒரு கத்தி.
பின்னால் சீட்டு இருந்த இடத்தை
உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள்.
அங்கே மட்டும் மரம் வெளுத்துக் கிடந்தது,
மோதிரம் கழற்றிய விரல்போல.
அதற்குக் கீழே, தேய்த்த கை
பொருட்படுத்தாமல் விட்ட பென்சில் கிறுக்கல்:
7 × 8 = 54.

கணக்கு தப்பு என்று நினைத்துக்கொண்டே
ஷட்டரை அழுத்தினேன்.

தொலைந்தவற்றின் பதிவேட்டில் கத்தி பொருந்தியது.
1989 ஜனவரி, நாரிச்,
வீட்டார் தேவாலயத்துக்குப் போயிருந்த மாலை.

படத்தைத் தூக்கி வந்தவன் என்பதால்
சமரச அறையின் சுவரோரம் நானும் நின்றேன்.
"ப்ளம் எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள்,"
எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார்,
"உங்களுடையது இதுதான் என்று எப்படி?"

ஹெஸ்டர் லாம்போர்ன் அம்மாள் பழங்களைப் பார்க்கவில்லை.
"திருப்பாதீர்கள், முதலில் சொல்லிவிடுகிறேன்.
பின்னால் ஒரு பெருக்கல். ஏழெட்டு. விடை தப்பு.
அப்பா துடைக்கக் கழற்றி வைத்திருந்தார்,
என்னிடம் அன்று காகிதம் இல்லை."

திருப்பினேன்.
என் மூன்றாம் வகுப்பு முழுவதும் எனக்குள் எழுந்து
ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கத்தியது.
வாயைத் திறக்கவில்லை.

வக்கீல் தன் கணக்கை எடுத்தார்.
பல் மருத்துவர் குவில்டர், பிரைட்டன் கடை,
1991 மார்ச், ஆயிரத்து நூறு பவுண்ட்,
ரசீது உண்டு, நல்லெண்ணம் உண்டு.
அதிலிருந்து ஆறு வருடம்.

ஆக, 1997 மார்ச்சில் ஒரு நள்ளிரவு
அந்த அம்மாளின் உரிமை செத்துவிட்டது.
தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.
யாரும் சேதி சொல்லி அனுப்பவில்லை.
திருடனிடமே இருந்திருந்தால் சாகாதாம்;
நல்லவர் ஒருவர் வாங்கியதால்தான் செத்தது.

குவில்டர் கெட்டவர் இல்லை.
இருபத்தெட்டு வருடம் அவருடைய வரவேற்பறையில்
வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தவர்கள்
இந்தப் பழங்களைத்தான் பார்த்தார்கள்.
"ஒரு தடவையாவது திருப்பியிருக்கலாம்," என்றார்,
மேஜையிடம் சொல்வதுபோல.

சட்டம் அவருடையது என்றது.
சந்தையோ, பழி ஒட்டிய பண்டத்தைத் தொடமாட்டேன் என்றது.
வைத்திருக்கலாம், விற்க முடியாது;
அம்மாளுக்கோ வைத்திருக்கவும் வழியில்லை.
நாலு மணி நேரம். மூன்று தட்டு பிஸ்கட்.
விற்றுப் பிரிப்பது: அவருக்கு அறுபத்தைந்து, அம்மாளுக்கு முப்பத்தைந்து.
சொந்தப் பேனாவில் கையெழுத்துப் போட்டார் அம்மாள்.

தொலைபேசியில் யாரோ எடுத்தார்கள்.
412ஆம் எண். நாற்பது விநாடி.
இப்போது எந்த ஊர், எந்தப் பூட்டு,
என் வேலைக்கு அது தேவையில்லை.

போகும்போது லிஃப்ட் வாசலில் கேட்டார்:
"முதுகின் படம் ஒன்று கிடைக்குமா?"
மேலே விசாரித்தேன்.
படத்தின் உரிமை நிறுவனத்துடையது,
எண்பத்தைந்து பவுண்ட், வரி தனி.

அன்றிரவு நிறுவனத்தின் தாளில், நிறுவனத்தின் மையில்,
கட்டையின் அசல் அளவுக்கே ஒன்று அச்சடித்தேன்.
என் காசில் தபால் தலை ஒட்டி நாரிச்சுக்கு அனுப்பினேன்.

விலை கொடுக்கவில்லை என்றாலும்
அவர் நல்லெண்ணத்தோடு வாங்கிக்கொண்டிருப்பார்.
எனக்கு அந்தச் சலுகை கிடையாது.