பிரிவு 2, உட்பிரிவு 7

இச்சட்டத்தில்,
சந்தர்ப்பம் வேறு பொருளை வேண்டினாலன்றி,
"வாகனம்" என்பது—

இந்த இடத்திலேயே நிற்கிறோம், மூன்று வாரமாய்.
தார்த்து நகரத்தில் பிப்ரவரி. மணி ஒன்று.
வானம், பிழியாமல் போட்ட போர்வை.
நான் குறிப்பெழுதுகிறவள். எனக்கு வாக்கு இல்லை.

மேசைமேல் ஓர் எக்ஸ்ரே.
ஆர்வோ க்யூட், சைக்கிளில் வந்தவர்,
ஆறு சக்கர விநியோகப் பெட்டியில் மோதி
காறையெலும்பு முறிந்தவர்.
காப்பீட்டுக்காரர்கள் கேட்பது ஒரே ஒரு சொல்:
எதன்மேல் மோதினார்?

வாகனம் என்றால்
நடைபாதையில் அதற்கென்ன வேலை?
பாதசாரி என்றால்
"பாதம் எங்கே?" என்றார் ஹெல்வே, சிரிக்காமல்.
சரக்கு என்றால், கேட்பாரற்றுக் கிடந்த பொருள்;
ஆர்வோ அதைக் காவல் நிலையத்தில்
ஒப்படைத்திருக்க வேண்டும், முறிந்த எலும்போடு.
ஓய்வுபெற்ற நீதிபதி வாம்போலா
பழைய சட்டமொன்றைத் தூசி தட்டினார், குதிரைகளுக்கானது:
"தானே நடக்கும். மிரளும். உடையவர் பொறுப்பு."
அது மிரளுமா என்று யாரோ கேட்டார்கள்.
யாரென்று நான் குறிக்கவில்லை.

கம்பெனியை "ஆள்" என்கிறோம்.
கப்பல்மேல் வழக்குப் போடுகிறோம்.
வாயும் வயிறும் இல்லாததை ஆளாக்க
நம் முன்னோருக்கு
ஒரு பிற்பகல் போதுமாயிருந்திருக்கும்.

வயிறு என்றதும்தான் நினைவு வந்தது:
பன்னிரண்டரைக்கு வரவேண்டிய சூப்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
தெருமுனை சிக்னல் பழுதாகி
சிவப்பிலேயே உறைந்து கிடந்தது.
மாணவர்கள் கடந்தார்கள்.
குழந்தைவண்டியோடு ஒருத்தி கடந்தாள்.
சீருடைப் போலீஸ்காரர் ஒருவர்
இருபுறமும் பார்த்துவிட்டுக் கடந்தார்.
பெட்டி மட்டும் நின்றது,
ஆரஞ்சுக் கொடி காற்றில் அடித்துக்கொள்ள,
மூடியில் அரைவிரல் பனி ஏற,
எட்டுப் பேரின் பீட்ரூட் சூப்பைச் சுமந்தபடி.

தன்னை இன்னதென்று சொல்லாத சட்டத்துக்கு
அந்தத் தெருவில் கட்டுப்பட்டு நின்றது
அது ஒன்றுதான்.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
சிவப்பில், முழங்காலால் முட்டி
அக்கரை சேர்த்தேன்.
"நன்றி" என்றது, பதிவு செய்த குரலில்.
"இருக்கட்டும்" என்றேன், வாய்ப்பழக்கம்.
விதி மீறியது யார், உடந்தை யார் என்று
மாடிப்படியில்தான் யோசித்தேன்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
மணி 1.40. உணவு வந்தது.

ஆறிப்போன கிண்ணத்திலிருந்து நிமிர்ந்து
ஹெல்வே வாசித்தார், கரண்டியால் சுட்டினார்:
"வந்தது என்று எழுதாதே.
கொண்டுவரப்பட்டது."

அடித்துத் திருத்தினேன்.
யாரால் என்ற இடத்தில்
கொஞ்சம் வெற்றுத்தாள் விட்டிருக்கிறேன்.